கடற்கரைச் சாலையில் படப்பிடிப்பிடமும் இரவும்: ஆற்றுப்படை மரபின் நோக்கில் ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திரைப்படங்களில் கண்ட இடங்களைத் தேடிச் செல்வதும், இரவில் ஒரு கடற்கரை நகரில் தங்கிக் களிப்பதும் இன்றைய கிழக்குக் கடற்கரைச் சாலைப் பயணத்தின் இரு கூறுகளாக உள்ளன. பயணியை வழிப்படுத்துதல், வழியிடை விருந்து, கடற்கரை இரவு ஆகிய மூன்றையும் பழந்தமிழ் இலக்கியம் விரிவாகப் பாடியுள்ளது. சிறுபாணாற்றுப்படை, பட்டினப்பாலை, சிலப்பதிகாரக் கடலாடு காதை ஆகியவற்றை அளவுகோலாகக் கொண்டு இன்றைய பயணத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. பழைய பனுவல்களில் களிப்போரின் இரவும் உழைப்போரின் இரவும் ஒரே காட்சிக்குள் அமைகின்றன. பட்டினப்பாலையில் கடலிலுள்ள பரதவரே கரையின் விளக்குகளைக் காண்கின்றனர். இன்றைய பயணத்தில் இப்பார்வை திசைமாறியுள்ளது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: ஆற்றுப்படை, நெய்தல், எற்பாடு, படப்பிடிப்பிடம், கிழக்குக் கடற்கரைச் சாலை, பரதவர், இரவு வாழ்க்கை.

முன்னுரை

தமிழ்த் திரைப்படத்தில் இடம்பெறும் கடற்கரையை ஆராயும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றன. படத்தில் கடல் வருகிறது. கடல் நெய்தலின் முதற்பொருள். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். படத்தில் காதலி ஏங்குகிறாள். ஆகவே இது நெய்தல் திணை மரபின் தொடர்ச்சி என்று அவை முடிகின்றன. இம்முறையால் எந்தப் படத்தையும் எந்தத் திணைக்குள்ளும் அடக்கிவிடலாம் என்பதே அதன் குறை. மேலும், படம் திரையரங்கைவிட்டு நீங்கிய பின்னர் அந்த இடத்திற்கு என்ன நேர்கிறது என்ற வினா இம்முறையில் எழுவதே இல்லை.

படம் பார்த்தவர் ஒருநாள் அந்த இடத்தைக் காணப் புறப்படுகிறார். சென்னையிலிருந்து புறப்படுபவருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையே இயல்பான வழி. முட்டுக்காடு, கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் வழியாக மாலைக்குள் புதுச்சேரியை அடையலாம். பகலில் படம்பிடிக்கப்பட்ட இடங்களைக் காண்பது, இரவில் நகரத்தின் உணவகங்களிலும் மதுக்கூடங்களிலும் கடற்கரை உலாச்சாலையிலும் பொழுதுபோக்குவது என இப்பயணம் இரண்டாகப் பகுக்கப்பட்டிருக்கிறது. இவ்விரண்டையும் இணைத்து நோக்கத் திணைக் கோட்பாட்டைவிட ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையே பொருத்தமான கருவி எனத் தோன்றுகிறது. திணை இடத்தின் இயல்பைக் கூறும். ஆற்றுப்படை இடத்தை நோக்கிச் செல்பவரைப் பற்றியும் கூறும்.

ஆய்வின் எல்லை சென்னைக்கும் பூம்புகாருக்கும் இடைப்பட்ட கடற்கரை. முட்டமும் பேக்கலும் ஒப்பீட்டின் பொருட்டு மட்டும் எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன.

வழிகாட்டுபவரின் தகுதி

தொல்காப்பியம் புறத்திணையியலில் கூறும் ஆற்றுப்படைக்கு ஓர் அடிப்படை நிபந்தனை உண்டு. கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோருள் பரிசில் பெற்று மீள்பவர், பெறாதவரை வழியில் கண்டு, தாம் பெற்ற வளத்தைக் கூறி, அவரும் பெறுமாறு வழிப்படுத்த வேண்டும். வழிகாட்டுபவர் தாமே அவ்வழியே சென்றவர், அங்கே உண்டவர், பெற்றதைக் கையில் ஏந்தித் திரும்புபவர். அவருடைய உடலும் உடையும் மூட்டையுமே அவர் சொல்லுக்குச் சான்று. கேட்பவர் அவரை நம்புவதற்கு வேறு காரணம் தேவைப்படுவதில்லை.

இன்றைய பயணியை வழிப்படுத்துவது திரைப்படம். அதற்கு இத்தகைய சான்று இல்லை. இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆங் லீ இயக்கிய 'லைஃப் ஆஃப் பை' (2012) புதுச்சேரிக்கு வரும் பயணியர் பலர் அறிந்த படம். 2001இல் வெளிவந்த யான் மார்ட்டெலின் நாவலில் புதுச்சேரித் தாவரவியல் பூங்காவுக்குள் ஒரு விலங்குக் காட்சிசாலை வருகிறது. அவ்விலங்குக் காட்சிசாலை புனைவு, பூங்கா மெய். படத்தின் பெரும்பகுதியை நிறைத்திருக்கும் கடலோ வங்கக்கடல் அன்று. தைவானின் தைச்சுங் நகரில், பயன்பாட்டில் இல்லாத விமான நிலையம் ஒன்றில் அமைக்கப்பட்ட அலைத்தொட்டியில் அக்கடல் உருவாக்கப்பட்டது. பூங்காவில் விலங்குகளையும் கரையில் அந்தக் கடலையும் தேடுபவர் இரண்டையும் காணப்போவதில்லை.

மணிரத்னத்தின் 'பம்பாய்' (1995) வேறொரு வகை. தமிழகக் கடலோர ஊரில் நிகழ்வதாகக் கதையில் வரும் காதற்பாடல் ஒன்று வடகேரளத்தின் காசர்கோட்டை அடுத்த பேக்கல் கோட்டையில் படமாக்கப்பட்டது. கதையின் நிலம் ஒன்று, காட்சியின் நிலம் மற்றொன்று. கோட்டையைக் காண வருவோரிடம் அதன் வரலாற்றைக் காட்டிலும் அப்பாடலே அதிகம் பேசப்படுகிறது. மேற்குக் கரையின் கடல் கிழக்குக் கரையின் கடலாக நடித்திருப்பதை அங்கு நிற்பவர்களுள் யாரும் குறையாகக் கொள்வதில்லை.

ஆற்றுப்படையிலும் புனைவு உண்டு என்ற மறுப்பு இங்கு எழலாம். அது நியாயமானதே. வழியிடை ஊர்கள் அனைத்தும் செழித்திருப்பதாகவும் எல்லா வீட்டிலும் விருந்து கிடைப்பதாகவும் பாடுவது புரவலனைப் புகழும் உத்தி. பாடிய புலவர் அவ்வழியே நடந்தார் என்பதற்கு உறுதி இல்லை. ஆயினும் வேறுபாடு புனைவின் அளவில் இல்லை, பொறுப்பில் உள்ளது. இன்ன ஊரில் இன்னார் இன்ன உணவைத் தருவர் என்று ஆற்றுப்படை கூறும்போது, அது பயணியை அவ்வூர் மக்களின் வாயிலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. திரைப்படம் பயணியை ஒரு கோணத்தின் முன் நிறுத்துகிறது. அக்கோணத்தை அடைந்ததும் அவர் படம் எடுத்துக்கொள்கிறார். அந்த ஊரின் வாயிலில் அவருக்கு வேலை இல்லை.

இதன் விளைவை இடப்பெயர்களில் தெளிவாகக் காணலாம். கோவாவின் சப்போரா கோட்டை, 'தில் சாஹ்தா ஹை' (2001) என்ற இந்திப் படத்திற்குப் பின் அப்படத்தின் பெயராலேயே சுட்டப்படுகிறது. கடற்கரைக்கு வெளியே கொடைக்கானலில் 'பேய்ச் சமையலறை' என்ற பொருள்பட ஆங்கிலத்தில் வழங்கிய குகை, 1991க்குப் பின் 'குணா குகை' ஆயிற்று. 2024இல் வெளிவந்த 'மஞ்சும்மல் பாய்ஸ்' அப்பெயரை மேலும் நிலைநிறுத்தியது. பெயர் மாறுவது மொழிக்குப் புதிதன்று. ஆனால் ஊரார் இட்ட பெயரை வெளியூரார் கண்ட படம் நீக்குவது தனித்து ஆராயத்தக்க நிகழ்வு. இடப்பெயராய்வில் இதற்கு இன்னும் உரிய இடம் கிடைக்கவில்லை.

எயிற்பட்டினத்து விருந்து

கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு மிக நெருங்கிய பழம்பனுவல் சிறுபாணாற்றுப்படை. இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார் 269 அடிகளில் ஓய்மான் நாட்டு நல்லியக்கோடனைப் பாடியது. அவனுடைய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. புலவர் பெயரோடு இணைந்த இடைக்கழி நாடும் இச்சாலை செல்லும் பகுதியிலேயே உள்ளது. பாணன் முதலில் அடைவது எயிற்பட்டினம். மதிலின் பெயரைக் கொண்ட பட்டினம் என்று புலவர் அதனைச் சுற்றிவளைத்துச் சொல்கிறார். மரக்காணமே அது என்பது ஆய்வாளர் பலரும் ஏற்ற முடிவு. 'எரித்ரேயக் கடற்பயண நூல்' குறிக்கும் மூன்று துறைமுகங்களுள் சோபட்மா இவ்விடத்தோடும், பொதுகே புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டோடும், கமரா காவிரிப்பூம்பட்டினத்தோடும் பொருத்தப்படுகின்றன. இன்றைய சாலைப் பயணத்தின் நிறுத்தங்கள் கிரேக்க மாலுமிக்கும் நிறுத்தங்களாக இருந்தன என்பது சுவையான ஒற்றுமை.

எயிற்பட்டினப் பகுதியில் புலவர் காட்டும் பொருள்கள் நுணுக்கமானவை. அலை கரையில் ஒதுக்கிய நறுமண மரம், படுத்துறங்கும் ஒட்டகம்போல் மணலில் கிடக்கிறது. அவ்விறகால் மூட்டிய தீயில் நுளையர் குலப் பெண் வடித்தெடுத்த முதிர்ந்த தேறலைப் பரதவர் ஊட்டுகின்றனர். பாணர் தம் தலைவனைப் பாட, குழலின் தாளத்திற்கு விறலியர் ஆட, வீடுதோறும் சுட்ட உலர்ந்த குழல்மீன் கிடைக்கும். மது, இசை, ஆடல், உணவு என்று இன்றைய இரவுக் களிப்பின் கூறுகள் அனைத்தும் இங்கு இருக்கின்றன. அவை வழங்கப்படும் இடமோ மீனவர் வீடு. வந்தவர் விலை கொடுப்பதில்லை, பாட்டைக் கொடுக்கிறார். வந்தவரும் வரவேற்பவரும் ஒரே நெருப்பின் முன் அமர்ந்திருக்கின்றனர்.

இப்பகுதியைக் குறையற்ற பொற்காலமாகக் காட்டுதல் தவறு. தேறல் வடித்த பெண் பாட்டில் ஒரு சொல்லும் பேசவில்லை. பரதவரின் விருந்தோம்பல் நல்லியக்கோடனின் ஆட்சிச் சிறப்பாகவே கணக்கிடப்படுகிறது. ஆனாலும் கடற்கரையில் யார் எதைக் காய்ச்சுகிறார், எந்த விறகால் காய்ச்சுகிறார், எந்த மீனோடு தருகிறார் என்பதை அறிந்த பனுவல் இது.

இன்றைய மரக்காணம் பயணியின் பட்டியலில் பொதுவாக இடம்பெறுவதில்லை. சாலையோரத்து உப்பளங்கள் சிலரை வண்டியை நிறுத்தச் செய்யும், அவ்வளவே. புதுச்சேரியில் மதுவுக்கு வரி குறைவு என்பதால் சென்னையிலிருந்து வருவோர் மரக்காணத்தைக் கடந்து விரைகின்றனர். தமிழகத்தில் 2003 முதல் மதுச் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் தனியுரிமை, புதுச்சேரியில் அவ்வாறில்லை. இவ்வெல்லைக்கோட்டின் இருபுறத்து வேறுபாடே இச்சாலையின் இரவுப் பொருளாதாரத்தைப் பெரிதும் இயக்குகிறது.

அவ்விரையும் பாதைக்கு அருகில், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பம் மீனவக் குடியிருப்பில் மெத்தனால் கலந்த சாராயத்தை அருந்திப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நுளைமகள் வடித்த தேறலுக்குப் பெயர்பெற்ற அதே கரை. இரு நிகழ்வுகளுக்கும் இடையே காரணத் தொடர்பு காட்ட இயலாது, காட்டுவதும் முறையன்று. ஆயின் ஓர் ஊரின் மது இலக்கியத்தில் எவ்வாறு இடம்பெற்றது, செய்தியில் எவ்வாறு இடம்பெற்றது என்ற ஒப்பீடு ஆய்வாளர் தவிர்க்கக்கூடியதன்று. பழைய பாட்டில் கரையோர மக்கள் வந்தவருக்குத் தந்தனர். இன்று வருவோருக்கு உரிமம் பெற்ற கூடங்களில் தரச்சான்றுள்ள மது கிடைக்கிறது. கரையிலுள்ளோரின் கைக்கு எட்டியது நஞ்சு.

முட்டத்துப் பாறைகள்

படப்பிடிப்பிடமாகப் புகழ்பெற்ற தமிழ்க் கடற்கரைகளுள் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் முதன்மையானது. பாரதிராஜாவின் 'அலைகள் ஓய்வதில்லை' (1981), 'கடலோரக் கவிதைகள்' (1986) ஆகிய இரண்டும் இங்கு எடுக்கப்பட்டவை. படப்பிடிப்புக் கூடத்தில் வரைந்த கடலையும், சென்னை மெரினாவையும் கண்டு பழகிய பார்வையாளருக்குப் பாறையில் மோதிச் சிதறும் இக்கடல் புதிது. இன்றும் முட்டத்திற்கு வருவோர் அப்பாறைகளின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

முதற்படத்தின் கதை கவனிக்கத்தக்கது. அந்தண இளைஞனும் கிறித்தவப் பெண்ணும் காதலிக்கின்றனர், ஊர் எதிர்க்கிறது, இறுதியில் அவன் பூணூலையும் அவள் சிலுவையையும் களைந்துவிட்டு நீங்குகின்றனர். தேவாலயத்தின் நிழலில் வாழும் ஒரு மீனவ ஊரில் சமயமும் சாதியும் எவ்வாறு காதலை மறிக்கின்றன என்பதே படத்தின் பொருள். பாறை அங்கே அழகுக்கு மட்டும் இல்லை. ஊரின் கண்ணிலிருந்து காதலர் மறையும் இடமாக இருக்கிறது. சுற்றுலாவில் பாறை எஞ்சியது, ஊர் நீங்கியது. இதற்குப் படத்தை மட்டும் குறைகூற இயலாது. படம் ஊரைக் காட்டியது. காண வந்தவர் அதனை விட்டுவிட்டார். 'நீர்ப்பறவை' (2012), தூத்துக்குடி மாவட்டத்து மணப்பாட்டில் காட்சிகள் எடுக்கப்பட்ட 'கடல்' (2013) முதலிய படங்களும் மீனவ வாழ்வை முன்னிறுத்தியவையே. மணப்பாடு 1542இல் புனித சவேரியார் வந்து தங்கிய ஊர். படம் வருவதற்கு முன்பே அதற்குத் தனக்கான யாத்திரிகர் கூட்டம் இருந்தது. ஆகவே அங்கு படத்தின் புகழ் ஊரின் பெயரை விழுங்கவில்லை. பழைய வழிபாட்டு வழக்கம் உள்ள ஊரைப் படம் எளிதில் மாற்றுவதில்லை என்று இதிலிருந்து கருதலாம்.

தென்பகுதிக் கத்தோலிக்க மீனவரிடையே ஞாயிற்றுக்கிழமை கடலுக்குச் செல்லாத வழக்கம் உண்டு. நகரத்துப் பயணிக்கும் அதுவே விடுமுறை. கடற்கரையில் இரு தரப்பினரும் ஒருங்கே ஓய்ந்திருக்கும் பொழுது வாரத்தில் இது ஒன்றே.

புகாரின் விளக்குகள்

கடற்கரை இரவைப் பாடிய பழம்பகுதிகளுள் இரண்டு தலையாயவை. இரண்டும் காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றியவை.

சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா முடிந்த பின் மாதவி கடலாட விரும்புகிறாள். கோழி கூவும் வைகறை யாமத்தில் கோவலன் அத்திரியிலும் மாதவி வண்டியிலும் ஏறிப் புறப்படுகின்றனர். ஊர்தியேறிக் கடற்கரைக்குச் செல்லும் இன்பப் பயணமே இது. வீதிகளைக் கடந்து அவர்கள் கரையை அடையும்போது இளங்கோவடிகள் விளக்குகளை எண்ணத் தொடங்குகிறார். சாந்தும் மலரும் பண்ணியமும் விற்போர் விளக்கு, கம்மியர் தொழில் செய்யும் விளக்கு, பிட்டு விற்போர் விளக்கு, அப்பம் சுடுவோர் குடம்போன்ற தண்டின்மேல் வைத்த அகல், பல பண்டம் விற்கும் மகளிரின் கடைவிளக்கு, இடையிடையே மீன் விற்போர் விளக்கு, கலங்கரை விளக்கு, வலைவீசும் பரதவரின் திமில் விளக்கு, வேற்றுமொழியினர் அணையாது ஏற்றிய விளக்கு, பண்டசாலைக் காவலர் விளக்கு. இவ்வொளி அனைத்தும் சேர, இடித்த மாவுபோன்ற ஈரமணலில் ஒரு வெண்கடுகு விழுந்தாலும் தெரியும் என்கிறார்.

பத்து விளக்குகளுள் ஒன்றுகூடக் களிப்பவருடையதன்று. கோவலனுக்கும் மாதவிக்கும் ஒளி தருபவை பிறரின் தொழில்விளக்குகள். இரவு முழுதும் விழித்திருந்தவர்கள் யார் என்பதை அடிகள் வரிசைப்படுத்திய பின்னரே கானல்வரிக்கான புன்னை நிழலுக்குக் காதலரை அழைத்துச் செல்கிறார். இக்காதைக்கு உரை எழுதியோரும் அதைப் பாராட்டியோரும் இப்பகுதியை வருணனை என்றே கொண்டனர். வருணனைதான், ஆனால் ஒரு கணக்கெடுப்பும் ஆகும்.

பட்டினப்பாலை இதற்கு முந்தியது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய 301 அடிகள். இங்கு இரவின் நிகழ்வுகள் விரைந்து வருகின்றன. மகளிர் பட்டை நீக்கித் துகில் உடுத்துகின்றனர். மட்டை விடுத்து மதுவில் மகிழ்கின்றனர். ஆடவர் கண்ணியை மகளிரும் மகளிர் கோதையை ஆடவரும் மாற்றி அணிகின்றனர். பாடல் கேட்டும் நாடகம் கண்டும் நிலவைத் துய்த்தும் கடையாமத்தில் காவிரி மணல்மேட்டில் உறங்குகின்றனர். இவற்றுக்கு நடுவே ஒரு செய்தி: வளைந்த திமிலில் பரதவர் உயர்ந்த மாடங்களின் ஒளியை நோக்கிச் சுடர்களை எண்ணுகின்றனர்.

இத்தொடரில் எண்ணுபவர் யார் என்பது பொருள்கொள்வதற்கு முக்கியமானது. மாடத்திலிருப்போர் திமில்களின் சுடரை எண்ணினர் என்று கொள்ளவும் சொற்கிடக்கை ஓரளவு இடந்தருகிறது. ஆயின் வினைவடிவம் அதற்கு மாறாக உள்ளது. களிப்போரின் செயல்கள் 'உடுத்தும்', 'மகிழ்ந்தும்', 'ஓர்த்தும்', 'நயந்தும்', 'துய்த்தும்' எனச் செய்தென்னும் வாய்பாட்டில் வந்து, உறங்குதலாகிய வினையைக் கொள்கின்றன, எழுவாய் ஒன்றே. 'எண்ணவும்' செயவென்னும் வாய்பாட்டில் உள்ளது. அதே வாய்பாட்டில் உள்ள 'சூடவும்', 'மலையவும்' என்பன மகளிர், மைந்தர் எனத் தமக்குரிய எழுவாயை வெளிப்படப் பெற்றுள்ளன. அவ்வமைப்பின்படி 'எண்ணவும்' என்பதற்குப் 'பரதவர்' எழுவாயாதலே நேரிது. எண்ணுபவர் கடலில் இருக்கின்றனர். எண்ணப்படுவது நகரின் களிப்பு.

இலக்கணத்தால் பெறப்படும் இப்பொருள் இரவுக் காட்சி முழுவதையும் மாற்றுகிறது. மாடத்தில் உள்ளோர் தம்மை யாரும் காண்பதாக எண்ணவில்லை. அவர்களுடைய விளக்குகளுள் எவை அணைந்தன, எவை இன்னும் எரிகின்றன என்பதைக் கடலிலிருந்து ஒருவர் அறிகிறார். நகரத்தின் இரவுக்குச் சான்று கூறுபவர் அந்த இரவில் பங்கு கொள்ளாதவர். அதே பாட்டில் உவாநாளில் பரதவர் கடலுக்குச் செல்லாமல், சுறாக்கோட்டை நட்டுத் தெய்வத்தை வழிபட்டு, பனங்கள் பருகி, மணலில் விளையாடும் பகுதியும் உண்டு. ஆதலால் அவர்கள் களிப்பறியாதவர் அல்லர். அவர்களுக்கென ஓர் இரவுண்டு. அது நகரத்தின் இரவோடு ஒத்துவராத நாட்காட்டியில் அமைகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாத இன்றைய தடைக்காலத்தை இதன் தொடர்ச்சி என்று சொல்ல முடியாது. அது மீன்வளம் காக்கும் சட்டம். ஆனால் கடலின் ஓய்வுநாள் நகரத்தின் ஓய்வுநாளாக இருப்பதில்லை என்ற நிலை இரண்டிலும் ஒன்று.

களிப்போர் உறங்கிய பின் பட்டினப்பாலை உடனே காட்டுவது, சோம்பலின்றி நாள்தோறும் உல்கு கொள்ளும் அதிகாரிகளை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவிலும் விழித்திருக்கும் சுங்கச்சாவடிகளைக் கடப்பவர் உருத்திரங்கண்ணனாரை நினைத்துக்கொள்ளலாம்.

எற்பாடு

நெய்தலின் சிறுபொழுது எற்பாடு. அது கதிரவன் படும் நேரமா, எழும் நேரமா என்பதில் உரைகாரரிடையே கருத்து வேறுபாடு உண்டு. இவ்வேறுபாடு சொற்பொருள் பற்றியதாகவே இதுவரை பேசப்பட்டது. கரையில் நின்று பார்த்தால் இரு பொருளுக்கும் உரியவர்கள் தனித்தனியே இருக்கின்றனர். மாலை எற்பாடு பயணிக்குரியது. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய கூபேர் சாலை மாலை 6 மணிக்கு ஊர்திகளுக்கு மூடப்பட, நடப்போர் கூட்டம் தொடங்குகிறது. 1836இல் எழுந்த பழைய கலங்கரை விளக்கம் அச்சாலையில் அணைந்து நிற்கிறது. அதன் கீழே உணவகங்களின் ஒளி. காலை எற்பாடு மீனவருக்குரியது. இருளில் சென்ற படகுகள் திரும்ப, ஏலம் தொடங்க, பெண்கள் கூடைகளோடு காத்திருக்க, வெயில் ஏறுமுன் விற்பனை முடிந்தாக வேண்டும். பயணி விழிக்கும்போது இவை முடிந்திருக்கும்.

மூன்றாவதாக ஒரு தரப்பும் உண்டு. சென்னைக் கடற்கரையில் தைக்கும் பங்குனிக்கும் இடையே பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. குஞ்சுகள் வெளிச்சம் உள்ள திசையையே கடல் என்று கொண்டு நகர்வன. கரையோரக் கேளிக்கை விடுதிகளின் விளக்கு அவற்றைச் சாலைப்பக்கம் இழுக்கிறது. இரவு முழுதும் மணலில் நடந்து முட்டைகளைக் காக்கும் மாணவர் குழுக்கள் இந்நகரின் இரவு வாழ்க்கையில் கணக்கில் வராத ஒரு பகுதி. இளங்கோவடிகளின் பட்டியலுக்குப் பதினொன்றாம் விளக்காகச் சேர்க்கத் தகுந்தது அவர்களுடைய கைவிளக்கு.

புதுச்சேரியை இரவுப் பின்னணியாகக் கொண்ட படங்களில் பிரெஞ்சுத் தெருக்களின் மஞ்சட்சுவர்களும் உலாச்சாலையும் மீண்டும் மீண்டும் வருகின்றன. தொடுவானத்தில் புள்ளிகளாகத் தெரியும் படகு விளக்குகள் அக்காட்சிகளில் அழகூட்டும் பின்புலம். அவற்றிலிருந்து கரையை நோக்கும் காட்சி அரிது. மீனவரை நாயகராகக் கொண்ட படங்களிலும் காத்திருக்கும் மனைவியின் கண்ணிலிருந்து கடல் காட்டப்படுகிறதே ஒழிய, கடலில் இருப்பவனின் கண்ணிலிருந்து நகரத்தின் இரவு காட்டப்படுவதில்லை. நெய்தலின் இரங்கலைத் திரைப்படம் பெற்றுக்கொண்டது. பட்டினப்பாலையின் எண்ணுதலைப் பெறவில்லை. திணை ஒப்பீட்டை மட்டும் நம்பும் ஆய்வு முதலாவதைக் கண்டு மகிழ்ந்து இரண்டாவதன் இன்மையை உணராமல் போகிறது.

பயணம் பூம்புகாரில் முடியுமாயின், அங்குள்ள சிலப்பதிகாரக் கலைக்கூடம் இவ்வாய்வுக்கு ஒரு தனிச் சான்று. மு. கருணாநிதி உரையாடல் எழுதிய 'பூம்புகார்' படம் 1964இல் வெளிவந்தது. அவர் முதலமைச்சராக இருந்தபோது 1973இல் இக்கலைக்கூடம் திறக்கப்பட்டது. எழுநிலை மாடம் கல்லில் எழுப்பப்பட்டு, காப்பியத்தின் நிகழ்ச்சிகள் சுவர்ச் சிற்பங்களாயின. கடல்கொண்ட நகரத்தின் இடத்தில், பனுவலைப் பின்பற்றி அமைத்த நிலையான காட்சிக்களம் இது. படம் இடத்தை உருவாக்கியதா, காப்பியம் உருவாக்கியதா என்று பிரித்துக் கூறுதல் கடினம். காண வருவோர் சிற்பத்தில் கண்ணகியைப் பார்க்கின்றனர். படத்தின் கண்ணகியை நினைக்கின்றனர். மாடத்தின் மேலிருந்து பார்த்தால் மீனவக் குடியிருப்பும் அதற்கப்பால் கடலும் தெரியும். இருட்டியபின் அங்கிருந்து படகுகள் புறப்படும். எழுநிலை மாடத்தில் அந்நேரத்திற்கு எத்தனை விளக்குகள் எரிகின்றன என்பது அப்படகுகளில் இருப்போருக்குத் தெரியும்.